சைல்ட் சப்போர்ட் துறைக்கு வரும் மத்திய அரசு மானியங்கள்: எந்தப் பணம், எதற்கு?

#1 தாமிரபரணி

வணக்கம். ஓஹையோவில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வேலை இல்லாத அப்பாக்கள், சிறையிலிருந்து திரும்பிய அப்பாக்கள் ஆகியோருக்குத் தொழில் பயிற்சி கொடுத்து வேலையில் சேர்த்துவிடுவது எங்கள் பணி. இந்த மாநிலத்தில் சைல்ட் சப்போர்ட் (குழந்தையோடு வசிக்காத பெற்றோர் கட்ட வேண்டிய பராமரிப்புத் தொகை) நிர்வாகம் கவுன்ட்டிகள் (மாவட்டம் போன்றவை) கையில் இருக்கிறது. எங்கள் கவுன்ட்டி அலுவலகம் மத்திய அரசு மானியம் ஒன்றுக்கு விண்ணப்பம் தயார் செய்கிறது. நாங்களும் கூட்டாளியாக வர வேண்டும் என்கிறார்கள்.

கூட்டத்தில் ஒருவர் "ஃபோர்-டி பணம்" என்றார், அடுத்தவர் "1115" என்றார், இன்னொருவர் "சிப்" என்றார். எல்லாம் ஒரே பணமா, வேறு வேறா? இது முதல் கேள்வி. இரண்டாவது கொஞ்சம் சங்கடமானது. எங்களிடம் வரும் ஆட்கள் அந்த அலுவலகத்தின் பெயரைக் கேட்டாலே எழுந்து போய்விடுவார்கள். அந்த அலுவலகத்தின் பணத்தில் வகுப்பு நடத்தினால் எங்களை நம்புவார்களா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 கொடுமுடி செல்வம்

வேறொரு மாநிலத்தில் இதே துறையின் பட்ஜெட் பிரிவில் இருந்தவன். சொல்கிறேன்.

முதலில் பெரிய பணம். 1975 ஜனவரியில் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம், சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் தலைப்பில் டி என்ற பகுதியைச் சேர்த்தது. "ஃபோர்-டி" என்பது அதுதான். குழந்தையோடு வசிக்காத பெற்றோரைக் கண்டுபிடிப்பது, தந்தை யார் என்று சட்டப்படி உறுதி செய்வது, நீதிமன்ற உத்தரவு வாங்குவது, வசூலிப்பது ஆகியவற்றுக்கு மாநிலம் செலவழிக்கும் ஒவ்வொரு 100 டாலரிலும் 66 டாலரை வாஷிங்டன் தருகிறது. உச்சவரம்பு கிடையாது. தொடக்கத்தில் 75 ஆக இருந்தது, 1980களில் படிப்படியாகக் குறைந்து 1990 நிதியாண்டில் 66க்கு வந்தது. அன்றிலிருந்து அப்படியே இருக்கிறது. நாடு முழுக்க ஆண்டுச் செலவு சுமார் 600 கோடி டாலர், வசூல் சுமார் 3,000 கோடி டாலர்.

அடுத்தது ஊக்கத்தொகை. 1998 சட்டப்படி ஐந்து அளவுகோல்கள்: தந்தைமை உறுதி செய்த விகிதம், உத்தரவு உள்ள வழக்குகளின் விகிதம், மாதாந்திரத் தொகை வசூல், பழைய நிலுவை வசூல், செலவுக்கு ஏற்ற வசூல். மதிப்பெண்ணைப் பொறுத்து மாநிலத்துக்குப் பங்கு வரும். அந்தப் பணத்தை இந்தத் துறைக்குள்ளேயேதான் செலவழிக்க வேண்டும்.

இவை இரண்டும் மானியம் கிடையாது. போட்டி போட்டு வாங்கும் மானியங்கள் தனி. 1115 என்பது சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் ஒரு பிரிவு. வழக்கமான விதிகளிலிருந்து விலக்கு வாங்கி ஒரு புது முறையைச் சோதித்துப் பார்க்க மாநிலங்களுக்கு வழி செய்வது. சிறப்பு மேம்பாட்டுத் திட்டங்களுக்கு வருவது "சிப்"; அதற்கு மாநிலங்கள் மட்டுமின்றி உள்ளூர் அமைப்புகள், பழங்குடி அரசுகள், உங்களைப் போன்ற தொண்டு நிறுவனங்களும் விண்ணப்பிக்க முடியும். 1115க்கு மாநிலத் துறைதான் விண்ணப்பிக்க முடியும், கவுன்ட்டி நேராகப் போக முடியாது. ஆகவே உங்கள் கவுன்ட்டிக்காரர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, மாநிலத் தலைமை அலுவலகம் இதில் இருக்கிறதா என்பதுதான். இல்லையென்றால் நேரத்தை வீணாக்காதீர்கள்.

மானியங்களின் அளவு என்று பார்த்தால், 600 கோடிக்குப் பக்கத்தில் யானைப் பசிக்குச் சோளப்பொரிதான்.

#3 பழைய சோறு

நூற்றுக்கு 66 எப்படியும் வருகிறது, உச்சவரம்பும் இல்லை. பிறகு எதற்கு இந்தச் சோளப்பொரிக்காக நூறு பக்கம் விண்ணப்பம் எழுதுகிறார்கள்? ஆலோசகர்கள் பிழைக்கவா?

#4 கொடுமுடி செல்வம்

ஆலோசகர்களும் பிழைக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் 66 எதற்கு வரும், எதற்கு வராது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு அப்பாவின் ஓட்டுநர் உரிமத்தை முடக்க ஆகும் செலவுக்கு 66 வரும். அவரை ஜெயிலுக்கு அனுப்பும் நீதிமன்ற அவமதிப்பு வழக்கை நடத்த வக்கீலுக்குக் கொடுக்கும் சம்பளத்துக்கு 66 வரும். அவருக்கு வெல்டிங் கற்றுக்கொடுத்து வேலையில் சேர்க்க வராது. பல பத்தாண்டுகள் இப்படித்தான் இருந்தது. வேலை இல்லாதவனிடம் வசூலிக்க எல்லாக் கருவிக்கும் காசு உண்டு, அவனுக்கு வேலை தேடித் தர மட்டும் காசு இல்லை.

1115 அந்தப் பூட்டைத் திறக்கிறது. விலக்கு கிடைத்தால், வழக்கமாக அனுமதிக்காத செலவையும் அனுமதித்த செலவாகவே கணக்கில் எடுப்பார்கள். அதற்கும் 66 வரும். மிச்ச 34இல் மானியம் 29, மாநிலம் தன் கையிலிருந்து 5 என்றுதான் சமீப காலத்து அறிவிப்புகள் வந்தன. ஐந்து டாலர் போட்டு நூறு டாலர் வேலை. இதற்கு நூறு பக்கம் எழுதலாம்தானே?

2024 டிசம்பரில் மத்திய அரசு இறுதி செய்த விதி, வேலை தேடும் உதவி, பயிற்சி, திறன் மதிப்பீடு போன்றவற்றுக்கும் 66 வாங்கலாம் என்றது. மாநிலம் விரும்பினால் மட்டும். கையில் பணமாகக் கொடுப்பதற்கும், முதலாளிக்குச் சம்பளத்தை ஈடு செய்வதற்கும் கிடையாது. இந்த விதிக்கு ஆதாரமாகக் காட்டியவற்றில் முந்தைய மானியச் சோதனைகளும் உண்டு.

#5 ரேவதி

மன்னிக்கவும், இழையை முழுக்கப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அப்பாவுக்கு வெல்டிங், அப்பாவுக்குப் பயிற்சி, அப்பா நம்புவாரா மாட்டாரா. குழந்தையை வளர்க்கிறவள் இந்த இழையில் எங்கே இருக்கிறாள்?

என் முன்னாள் கணவருக்கு வெல்டிங் தேவையில்லை. நன்றாகவே சம்பாதிக்கிறார். சொந்தமாக கன்சல்டிங் கம்பெனி வைத்துக்கொண்டு தனக்குத் தானே எவ்வளவு சம்பளம் என்பதையும் தானே எழுதிக்கொள்கிறார். சம்பளப் பிடித்தம் என்பது முதலாளி இருக்கிறவனுக்குத்தான். வரி ரீஃபண்டைப் பிடிப்பார்களாம், அவருக்கு ரீஃபண்டே வராது. 2,500 டாலர் நிலுவை தாண்டினால் பாஸ்போர்ட்டை மறுப்பார்களாம், அது அமெரிக்க பாஸ்போர்ட்டுக்குத்தான். அவர் கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட்டும் கிரீன் கார்டும். நம் ஆட்களில் எத்தனை பேருக்கு இந்த ஓட்டை தெரியும் என்று நினைக்கிறீர்கள்? எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் அலுவலகத்தில் கேட்டால் "சிஸ்டத்தில் முதலாளி தகவல் இல்லை" என்கிறார்கள், முடிந்தது. இப்படிப்பட்டவர்களைப் பிடிக்க ஒரு மானியம் வந்ததா சொல்லுங்கள்.

#6 பழைய சோறு

ரேவதி அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது. வரி கட்டுகிறவன் என்ற முறையில் நானும் அதையே கேட்கிறேன்.

#7 வெற்றிவேல்

நான் சமூகத் திட்டங்களை மதிப்பீடு செய்யும் வேலையில் இருக்கிறேன். இரண்டு தரப்பும் பேசுவது வேறு வேறு ஆட்களைப் பற்றி. அதைப் பிரித்துவிட்டால் பாதிச் சண்டை தீரும்.

நாட்டில் குவிந்திருக்கும் நிலுவை 11,000 கோடி டாலருக்கு மேல். கேட்டதும் "இவ்வளவு பேர் ஏமாற்றுகிறார்களா" என்று தோன்றும். 2007இல் ஒன்பது மாநிலங்களின் கணக்குகளை ஆராய்ந்தபோது, நிலுவையில் 70 சதவீதம் யார் பெயரில் இருந்தது தெரியுமா? பதிவான வருமானமே இல்லாதவர்கள், அல்லது ஆண்டுக்கு 10,000 டாலருக்குள் வருமானம் காட்டியவர்கள். அவர்களில் ரேவதியின் முன்னாள் கணவர் போல மறைத்துச் சம்பாதிப்பவர்களும் இருப்பார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் பெரும்பகுதி கையில் காசே இல்லாதவர்கள். சிறையில் இருந்தபோதும் மாதாமாதம் கடன் ஏறியவர்கள். 1986இல் கொண்டுவந்த பிராட்லி திருத்தத்தின்படி, தேதி கடந்த தொகையைப் பின்னோக்கிக் குறைக்க எந்த நீதிபதிக்கும் அதிகாரம் இல்லை. உத்தரவை மாற்றச் சொல்லி முன்கூட்டியே விண்ணப்பித்திருக்க வேண்டும். சிறையில் இருப்பவனுக்கு இது யார் சொல்வார்கள்?

டெக்சஸில் இதை வைத்தே ஒரு சோதனை நடந்தது. சிறைக் கைதிகளுக்கு "உங்கள் உத்தரவை மாற்ற விண்ணப்பிக்கலாம்" என்று அனுப்பும் கடிதத்தை எளிமையாக்கினார்கள். நீலக் காகிதத்தில் அச்சடித்தார்கள், படிவத்தில் சில விவரங்களை அவர்களே நிரப்பினார்கள், முன்னும் பின்னும் ஒரு அஞ்சலட்டை போட்டார்கள். விண்ணப்பித்தவர்கள் 28 சதவீதத்திலிருந்து 39 ஆனார்கள். ஒரு ஆளுக்கு இரண்டு டாலர்கூட ஆகவில்லை. அது மத்திய அரசின் வேறொரு ஆராய்ச்சித் திட்டம். அதைப் பார்த்துத்தான் 2014இல் இதே வகைச் சோதனைகளுக்கென்று சில மாநிலங்களுக்கு 1115 மானியம் கொடுத்தார்கள்.

2011இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த டர்னர் எதிர் ரோஜர்ஸ் வழக்கும் இதோடு சேர்ந்ததுதான். தென் கரோலினாவில் ஒரு அப்பாவை, பணம் கட்டும் சக்தி அவருக்கு இருக்கிறதா என்று கேட்காமலேயே 12 மாதம் உள்ளே போட்டார்கள். வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஆனால் அவரால் கட்ட முடியுமா என்பதை விசாரித்து நீதிபதி தெளிவாக முடிவு எழுத வேண்டும் என்றது. அதன் பிறகு, அவமதிப்பு வழக்குக்குப் பதில் வேறு வழி உண்டா என்று பார்க்க 2016இல் ஐந்து மாநிலங்களுக்கு மானியம் வந்தது. ஓஹையோவும் அதில் ஒன்று. தாமிரபரணி, உங்கள் மாநிலத் தலைமையகத்தில் அந்த அனுபவம் உள்ளவர்கள் இருப்பார்கள், தேடுங்கள்.

#8 ரேவதி

கடிதம் அனுப்பினார்கள், விண்ணப்பித்தார்கள், சரி. குழந்தைக்குப் பணம் கூடுதலாக வந்ததா? அதை மட்டும் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்.

#9 வெற்றிவேல்

நேரான கேள்வி. நேராகவே சொல்கிறேன், தாமிரபரணிக்குப் பிடிக்காமல் போகலாம்.

வேலைவாய்ப்புச் சோதனைகளில் மிகப் பெரியது 2012இல் எட்டு மாநிலங்களுக்குக் கொடுத்த மானியம். கலிஃபோர்னியா, கொலராடோ, அயோவா, ஓஹையோ, தென் கரோலினா, டென்னஸி, டெக்சஸ், விஸ்கான்சின். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு வேலை உதவி, பெற்றோர் வகுப்பு, தனிக் கவனம், உத்தரவு மறுபரிசீலனை. மீதிப் பேருக்கு வழக்கமான நடைமுறை. யார் எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள், அதனால் ஒப்பீடு நம்பகமானது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் வறுமை ஆராய்ச்சி நிறுவனமும் மேத்மேட்டிகா நிறுவனமும் 2019இல் இறுதி அறிக்கை கொடுத்தன.

உத்தரவுத் தொகை கொஞ்சம் குறைந்தது. கட்டிய தொகையும் கொஞ்சம் குறைந்தது. விதித்ததில் எத்தனை பங்கு கட்டினார்கள் என்ற விகிதம் மாறவே இல்லை. பெரிதாக ஏறியது ஒன்றுதான்: அந்த அலுவலகத்தின் சேவையில் அப்பாக்களுக்கு இருந்த திருப்தி.

#10 ரேவதி

திருப்தி! நன்றாக இருக்கட்டும். என் மகனின் பல் டாக்டர் பில்லை அந்தத் திருப்தியில் கட்டிக்கொள்கிறேன்.

#11 தாமிரபரணி

ரேவதி அக்கா, கோபம் புரிகிறது. ஆனால் எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று. இந்தத் திட்டங்களில் சேர்ந்தவரிடம் 'உன் லைசென்ஸைத் திருப்பித் தருகிறோம்' என்று சொன்னால்தான் அவர் வேலைக்குப் போகவே முடியும். இங்கே கார் இல்லாமல் கிடங்கு வேலைக்குப் போய்ச் சேர முடியாது. லைசென்ஸை முடக்குவது சம்பாதிக்கும் வழியையே அடைப்பது. உங்கள் முன்னாள் கணவருக்கும் எங்களிடம் வருபவருக்கும் ஒரே கருவியைப் பயன்படுத்துவதுதான் கோளாறு.

#12 கொடுமுடி செல்வம்

வெற்றிவேல் சொன்ன முடிவு சரி. அந்த விகிதம் மாறாததை நானும் ஏமாற்றத்தோடுதான் படித்தேன். ஆனால் மானியத்தால் குடும்பத்தின் கைக்கு உண்மையாகவே பணம் கூடுதலாகப் போன ஒரு கதை உண்டு. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. ரேவதிக்காக எழுதுகிறேன்.

அரசு நிவாரணப் பணம் (டான்ஃப், TANF என்பார்கள்) வாங்கும் அம்மா, தன் குழந்தைக்கு வரும் சைல்ட் சப்போர்ட் உரிமையை அரசுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அப்பா கட்டுவது மாநிலமும் மத்திய அரசும் பங்கு போட்டுக்கொள்ளும் பணம். அப்பாவுக்கு இது தெரிந்தால் என்ன ஆகும்? 'நான் கட்டுவது என் பிள்ளைக்குப் போகவில்லையே, எதற்குக் கட்ட வேண்டும்' என்பார். இல்லாவிட்டால் அம்மா கையில் ரகசியமாகக் கொடுத்துவிட்டு மறைந்துவிடுவார்.

1997இல் விஸ்கான்சின் மத்திய அரசிடம் விலக்கு வாங்கி, வசூலாகும் முழுத் தொகையையும் அம்மாவுக்கே கொடுத்துப் பார்த்தது. இங்கும் குலுக்கல்தான்: ஒரு பகுதியினருக்கு முழுதும், மற்றவர்களுக்குப் பழைய முறைப்படி ஒரு பங்கு மட்டும். முழுதும் கிடைத்த பக்கத்தில் அதிக அப்பாக்கள் கட்டினார்கள், தந்தைமை உறுதி செய்வதும் வேகமாக நடந்தது, அம்மாக்களுக்குக் கூடுதலாகப் பணம் வந்தது. அரசுக்குப் பெரிய நஷ்டமும் இல்லை. பிறகு 2006 பிப்ரவரியில் கையெழுத்தான 2005ஆம் ஆண்டுப் பற்றாக்குறைக் குறைப்புச் சட்டம், ஒரு குழந்தைக்கு மாதம் 100 டாலர், இரண்டும் அதற்கு மேலும் என்றால் 200 டாலர் வரை மாநிலம் குடும்பத்துக்குக் கொடுத்தால் மத்திய அரசு தன் பங்கைக் கேட்காது என்றது. 2017இல் கொலராடோ முழுத் தொகையையும் கொடுக்கத் தொடங்கியது. ஒரு விலக்கில் தொடங்கியது, நாட்டுச் சட்டம் வரை வந்தது.

இன்னொரு பக்கம், அதே 2005 சட்டம் எங்கள் துறைக்கு ஒரு வெட்டும் வெட்டியது. அதுவரை ஊக்கத்தொகையை மாநிலப் பங்காகக் காட்டி அதற்கும் 66 வாங்க முடியும். ஒரு டாலர் ஊக்கத்தொகை மேலும் ஏறக்குறைய இரண்டு டாலரை இழுத்து வரும். 2008 நிதியாண்டிலிருந்து அது நின்றது. பொருளாதாரச் சரிவின்போது இரண்டு ஆண்டு திருப்பிக் கொடுத்தார்கள், அப்புறம் மறுபடி போனது. "மேம்பாட்டு மானியம்" என்று அறிவிப்பு வரும்போதெல்லாம் எனக்கு இந்த வெட்டுதான் ஞாபகம் வரும். ஒரு கையால் எடுத்ததை இன்னொரு கையால் கிள்ளித் தருகிறார்கள்.

#13 சுபா_சேலம்

ஊரிலிருந்து எழுதுகிறேன். அக்கா கணவர் அமெரிக்காவில். அக்காவும் குழந்தையும் இங்கே எங்களோடு. சேலத்தில் ஜீவனாம்ச உத்தரவு வாங்கியாகிவிட்டது. அங்கே இந்த ஃபோர்-டி அலுவலகம் எங்களுக்கு வசூலித்துத் தருமா?

#14 வெற்றிவேல்

சுபா, சுருக்கமாகச் சொல்கிறேன். நாடுகளுக்கிடையே குழந்தைப் பராமரிப்புத் தொகை வசூலிக்க 2007ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை இருக்கிறது. அமெரிக்காவில் அது 2017 ஜனவரி 1 முதல் அமலில் உள்ளது. இந்தியா அதில் சேரவில்லை. ஆகவே சேலம் உத்தரவை இங்கே தானாகவே அமல்படுத்த வழி இல்லை. அவர் வசிக்கும் மாநிலத்து நீதிமன்றம் நல்லெண்ண அடிப்படையில் அதை ஏற்கலாம், மறுக்கவும் செய்யலாம். அவர் அங்கே வசிப்பதால், அந்த மாநிலத்திலேயே புதிதாக உத்தரவு கேட்பது பல நேரம் நேரான வழி. அப்படி இங்கே ஒரு உத்தரவு கிடைத்துவிட்டால் சம்பளப் பிடித்தம் எல்லாம் வழக்கம்போல நடக்கும். அந்த மாநிலக் குடும்பச் சட்ட வக்கீல் ஒருவரிடம் ஒரு தடவையாவது பேசிவிடுங்கள். அவர் எந்த மாநிலத்தில், எந்தக் கம்பெனியில் இருக்கிறார் என்ற விவரத்தை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இங்கே போடாதீர்கள்.

#15 மட்டுறுத்துநர்

சுபா, இந்தியா–அமெரிக்கா ஜீவனாம்சத்துக்குத் தனி இழை தொடங்குங்கள், இணைப்பைக் கொடுத்துவிடுகிறேன். பெயர், ஊர், கம்பெனி விவரம் வேண்டாம். மற்றவர்கள் மானியத்தைப் பற்றித் தொடரலாம்.

#16 ஒரு அப்பா

நான் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டுகிறேன். சம்பளத்திலேயே பிடித்துவிடுகிறார்கள், எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் மகளைப் பார்க்கும் நாள் வந்தால் ஏதாவது ஒரு காரணம் வரும். பணம் வராவிட்டால் நாடே எழுந்து நிற்கிறது. பார்க்கும் உரிமையை அமல்படுத்த எந்த மானியம் இருக்கிறது?

#17 கொடுமுடி செல்வம்

இருக்கிறது, தொகையைக் கேட்டால் சிரிப்பீர்கள். 1996 நலச் சீர்திருத்தச் சட்டம் "அணுகலும் சந்திப்பும்" என்று ஒரு மானியம் தொடங்கியது. நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு 1 கோடி டாலர். சிறிய மாநிலத்துக்குக் குறைந்தபட்சம் 1 லட்சம். முதல் தவணை 1997இல் போனது. இத்தனை ஆண்டு விலைவாசி ஏறியும் அந்த 1 கோடியை யாரும் ஏற்றவில்லை. சமரசப் பேச்சு, பெற்றோர் திட்டம் எழுதுவது, மேற்பார்வையோடு சந்திப்பு, பிள்ளையைக் கைமாற்ற நடுநிலையான இடம், இவற்றுக்கு அதைப் பயன்படுத்தலாம். 66 இதற்கு வராது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வீட்டில் அடிதடி இருந்த குடும்பங்களில் 'பார்க்கும் உரிமை' என்பது ஆபத்தாக முடியும். இந்த மானியத்தில் நடக்கும் திட்டங்கள் அதைச் சரிபார்த்த பிறகே ஆளைச் சேர்க்க வேண்டும். உங்களைச் சொல்லவில்லை, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

#18 கோபால்_மெயின்ஃபிரேம்

யாரும் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசவில்லையே என்று வந்தேன். ரேவதி சொன்ன "சிஸ்டத்தில் தகவல் இல்லை" என்பதற்குப் பின்னால் பெரும்பாலும் 1990களில் எழுதிய கோபால் நிரல் இருக்கும். (என் பெயரும் மொழியின் பெயரும் ஒன்றுபோல ஒலிப்பது எனக்கு ஆயுள் தண்டனை. கோபோல் என்ற பழைய கணினி மொழி என்று படித்துக்கொள்ளுங்கள்.)

1988 சட்டம் ஒவ்வொரு மாநிலமும் மாநிலம் முழுமைக்கும் ஒரே கணினி அமைப்பை உருவாக்க வேண்டும் என்றது. ஆசை காட்ட வழக்கமான பங்குக்குப் பதில் 90 சதவீதம் கொடுத்தார்கள். 1995இல் கெடு, பிறகு 1997 வரை நீட்டினார்கள். கலிஃபோர்னியாவில் 58 கவுன்ட்டிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். அவர்கள் கட்டிய முதல் அமைப்பு தோற்றுக் கைவிட்டார்கள். புது அமைப்புக்கு 2008இல் சான்றிதழ் கிடைப்பதற்குள் மத்திய அரசுக்குக் கட்டிய அபராதம் 100 கோடி டாலருக்கும் மேல். மேம்பாட்டுக்குப் பணம் கொடுத்த அதே மத்திய அரசுதான் இந்த அபராதத்தையும் போட்டது.

அந்தத் தொண்ணூறு சதவீதமும் எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது பழைய அமைப்பை மாற்ற வேண்டுமானால் 66தான், மிச்சத்தைச் சட்டமன்றத்தில் கெஞ்சி வாங்க வேண்டும். ரேவதியின் விஷயத்துக்கு வந்தால், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களின் தேசியப் பட்டியல் ஒன்று 1997 முதல் இருக்கிறது, அருமையான கருவி. ஆனால் அதில் வருவது ஊழியர்கள். ஒப்பந்தக்காரர்களையும் சேர்த்துத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் கலிஃபோர்னியாவில் 2001 முதலே இருக்கிறது: குறிப்பிட்ட தொகைக்கு மேல் கொடுத்தால் அரசுக்குத் தகவல் போக வேண்டும். எல்லா மாநிலத்திலும் அது கட்டாயம் இல்லை. மானியத்தைவிட இந்த ஒரு வரிச் சட்டம் ரேவதிக்கு அதிகம் உதவும்.

#19 ரேவதி

கோபால் அண்ணா, இந்த இழையில் எனக்குப் பயன்பட்ட முதல் பதில் உங்களுடையதுதான். எங்கள் மாநிலத்தில் என்ன விதி என்று தேடிப் பார்க்கிறேன். சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கு எழுதவும் போகிறேன்.

#20 தாமிரபரணி

எல்லாருக்கும் நன்றி. இப்போது நேரடிக் கேள்வி. நாங்கள் சேரலாமா? சேர்ந்தால் விண்ணப்பத்தில் எங்கள் பகுதியில் என்ன எழுத வேண்டும்?

#21 கொடுமுடி செல்வம்

சேரலாம். ஆனால் சில விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்வி, நம்பிக்கை. திட்டத்தில் சேர்ந்திருக்கும் வரை லைசென்ஸ் முடக்கம் நிறுத்தம், உத்தரவு மறுபரிசீலனை முதல் மாதத்திலேயே, உங்கள் வகுப்பில் அப்பா சொல்வது அமலாக்கக் கோப்புக்குப் போகாது. இந்த மூன்றும் ஒப்பந்தத்தில் இருந்தால் ஆட்கள் வருவார்கள். வாய்மொழியாக என்றால் வேண்டாம், அலுவலர் மாறியதும் போய்விடும்.

தகவல் பரிமாற்றத்துக்கு இப்போதே வேலையைத் தொடங்குங்கள். கவுன்ட்டியிடம் இருக்கும் வருமான வரித் தகவலைச் சட்டப்படி உங்களிடம் தர முடியாது. தேசியப் பட்டியல் தகவலுக்கும் கடுமையான கட்டுப்பாடு. யார் கட்டினார், எவ்வளவு கட்டினார் என்பது மட்டும் போதுமானால் அதை எப்படிப் பெறுவது என்று வக்கீல்கள் உட்கார்ந்து எழுத வேண்டும். மானியங்கள் முதல் ஆண்டில் திணறுவது பெரும்பாலும் இங்கேதான்.

மதிப்பீட்டுக்குக் குலுக்கல் முறை கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். 'பாதிப் பேரைத் திருப்பி அனுப்பச் சொல்கிறார்களே' என்று உங்கள் ஆட்கள் வருத்தப்படுவார்கள். இடம் குறைவாக இருக்கும்போது யாரையோ திருப்பி அனுப்பத்தான் போகிறீர்கள். விஸ்கான்சின் கதை சட்டமானதே அந்தக் குலுக்கலால்தான்.

கவுன்ட்டி உங்களை ஏன் கூப்பிடுகிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். மாதாந்திர வசூல் அளவுகோலில், விதித்த தொகையில் 80 சதவீதம் வசூலித்தால் முழு மதிப்பெண். நாட்டுச் சராசரி 65ஐ ஒட்டி நிற்கிறது. கட்ட முடியாத உத்தரவைக் கட்டக்கூடிய அளவுக்குக் குறைத்தால் விகிதம் ஏற வழி உண்டு. நிலுவை அளவுகோல் இன்னும் வேடிக்கை: எத்தனை டாலர் என்று எண்ணுவதில்லை, எத்தனை வழக்குகளில் ஏதாவது வந்தது என்று எண்ணுகிறார்கள். 50,000 நிலுவையில் 50 வந்தாலும் ஒன்று, 5,000 வந்தாலும் ஒன்று. உங்கள் அப்பாக்கள் சிறு தொகையாவது ஒழுங்காகக் கட்டத் தொடங்கினால் கவுன்ட்டிக்கு ஊக்கத்தொகை ஏறும். அது அவர்கள் லாபம், தப்பில்லை. அதைத் தெரிந்துகொண்டு பேரம் பேசுங்கள். மானியம் முடிந்த பிறகும் பயிற்சியைத் தொடர, 2024 விதிப்படி 66 வாங்க மாநிலம் தயாரா என்று கேளுங்கள். பதில் 'பார்க்கலாம்' என்றால் மானியக் காலத்துக்கு மேல் நீடிக்கும் வேலைக்கு ஆள் எடுக்காதீர்கள்.

#22 ரேவதி

நானும் ஒன்று சேர்க்கிறேன். அந்த விண்ணப்பத்தில் எத்தனை அப்பாக்கள் வகுப்புக்கு வந்தார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள் என்று அட்டவணை போடுவீர்கள். பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள்: அந்தக் குழந்தைகளின் அம்மா கைக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது, எத்தனை மாதம் தவறாமல் போனது. வசூலான தொகையும் அம்மா கைக்கு வந்த தொகையும் ஒன்றல்ல என்று செல்வம் அண்ணாவே சொல்லிவிட்டார். உத்தரவைக் குறைக்கும்போது அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். எங்களுக்குக் கடிதம்தான் வரும், அதுவும் முடிவு ஆன பிறகு.

#23 தாமிரபரணி

வரைவில் சேர்த்துவிட்டேன் அக்கா, இரண்டையும். அம்மாக்களுக்கு முன்கூட்டியே தகவல் சொல்வது யார் வேலை என்பதில் மட்டும் கவுன்ட்டியோடு பேச வேண்டும். அந்தச் செலவுக்கு 66 வருமா செல்வம் அண்ணா?

#24 கொடுமுடி செல்வம்

வரும். உத்தரவு மறுபரிசீலனையின் பகுதிதான் அது, வழக்கமான செலவு. மானியப் பட்ஜெட்டில் போடாதீர்கள், கவுன்ட்டியின் வழக்கமான கணக்கிலேயே போகட்டும்.